நம்ம கோட்டைக்குப் பெயர் தந்த புனிதர்... இங்கிலாந்தில் அவர் நாளுக்கு லீவே கிடையாது! ஏன்?

உளுந்தூர்பேட்டையில் பட்டா மாறுதலுக்கோ, முதியோர் உதவித்தொகைக்கோ மனு எழுதிக்கொண்டு அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வி.ஏ.ஓ., தாசில்தார், கலெக்டர் என்று ஒரு சுற்று முடிந்த பிறகு, "பேசாம சி.எம்முக்கே ஒரு மனு போட்டுடுங்க" என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். அப்போது பெறுநர் முகவரியில் ஒரு பெயரை எழுதியிருப்பார்கள்: 'தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை - 600 009'.

யார் இந்த ஜார்ஜ்? பிரிட்டிஷ் ராஜாவா? கவர்னரா? ரெண்டுமே இல்லை. இங்கிலாந்து நாட்டின் பாதுகாவலராக ஆங்கிலேயர்கள் ஏற்றுக்கொண்ட கிறிஸ்தவப் புனிதர். அவருடைய நாள் ஏப்ரல் 23.

அப்படியென்றால் அன்று இங்கிலாந்தே அமர்க்களப்படும் என்றுதானே நினைப்போம்? ஆனால் அங்கே அன்று அரசு விடுமுறை கூட கிடையாது. ஸ்கூல் உண்டு, ஆபீஸ் உண்டு. அது எப்படி? பார்ப்போம்.

கோட்டைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

1639-ல் பிரான்சிஸ் டே என்ற கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி, நாயக்கரிடம் அனுமதி வாங்கி, கடற்கரையை ஒட்டி ஒரு துண்டு நிலத்தைப் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஒரு கோட்டை எழுந்தது. ஏப்ரல் 23-ஐ ஒட்டி கட்டுமானம் ஒரு கட்டத்துக்கு வந்ததால், அந்த நாளுக்குரிய புனிதரின் பெயரையே வைத்துவிட்டார்கள். சித்திரையில் பிறந்த பிள்ளைக்கு 'சித்திரை' என்று சேர்த்துப் பெயர் வைக்கிற மாதிரிதான்.

கம்பெனி போனது, பிரிட்டிஷ் ஆட்சி போனது, பெயர் மட்டும் போகவில்லை. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இன்றும் அங்கேதான். 1974-லிருந்து சுதந்திர தினத்தன்று முதல்வர் கொடியேற்றுவதும் அந்தக் கோட்டையில்தான்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சென்னை 'ஜார்ஜ் டவுன்' இந்தப் புனிதர் பெயரில் வந்தது இல்லை. அது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நினைவாக வைத்தது. கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயம்தான் நம்ம ஆள் பெயரில் இருப்பது. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., தொடங்கப்பட்டது அந்த ஆலயத்தில்தான்.

இங்கிலாந்தையே பார்க்காத இங்கிலாந்து புனிதர்

ஜார்ஜ் ஆங்கிலேயரே இல்லை. இன்றைய துருக்கியில் இருக்கும் கப்படோசியா பகுதியைச் சேர்ந்த குடும்பம், ரோமானியப் படையில் வீரர் என்கிறது மரபு. பேரரசர் டயோக்ளிஷியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், மதத்தைக் கைவிட மறுத்ததால் 303-ம் ஆண்டு ஏப்ரல் 23-ல் பாலஸ்தீனத்தின் லித்தா நகரில் தலை வெட்டப்பட்டார் என்பது நம்பிக்கை. அது இன்று இஸ்ரேலில் உள்ள லோத் நகரம். இங்கிலாந்து மண்ணை அவர் மிதித்ததே இல்லை.

குதிரையில் உட்கார்ந்து ஈட்டியால் டிராகனைக் குத்துகிற படம் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதை பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்ந்தது. தினமும் பலி கேட்கும் டிராகன், சீட்டுக் குலுக்கலில் சிக்கிய இளவரசி, நேரத்துக்கு வந்து காப்பாற்றிய வீரன் என்று 13-ம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

அவர் ஆங்கிலேயர்களுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. ஜார்ஜியா, எத்தியோப்பியா, ஸ்பெயினின் கட்டலோனியா என்று பல இடங்களில் அவர்தான் பாதுகாவலர். பெத்லகேம் பக்கத்தில் அல் காதர் என்ற ஊரில், பழைய காலண்டர் கணக்குப்படி மே மாதம் நடக்கும் அவரது திருநாளுக்கு முஸ்லிம்களும் வருவார்கள்.

ஒரு காலத்தில் கிறிஸ்துமஸுக்குச் சமம்

சிலுவைப் போர்க் காலத்தில் வீரர்களின் புனிதராக இங்கிலாந்தில் ஜார்ஜின் செல்வாக்கு ஏறியது. 1348 வாக்கில் மூன்றாம் எட்வர்ட் மன்னர், 'கார்ட்டர்' என்ற உயரிய வீரர் அமைப்பைத் தொடங்கி அதற்கு ஜார்ஜைப் பாதுகாவலராக வைத்தார். 1415-ல் பிரான்ஸுக்கு எதிராக அஜின்கோர்ட் போரில் ஜெயித்தார்கள். அதன் பிறகு ஜார்ஜ் நாள், கிறிஸ்துமஸ் போன்ற பெருவிழாக்களின் வரிசைக்கு உயர்த்தப்பட்டது.

அன்றைக்கு ஊர்வலம், விருந்து, கூத்து எல்லாம் உண்டு. இவற்றை நடத்தியது அரசாங்கம் இல்லை, ஊர்க்காரர்கள். ஜார்ஜ் பெயரில் ஊருக்கு ஊர் சங்கங்கள் இருந்தன. நம்ம ஊர் மண்டகப்படி மாதிரி, யார் செலவு, யார் வேஷம், யார் மெழுகுவத்தி என்று முறை வைத்துச் செய்தார்கள்.

நாரிச் நகரத்து ஊர்வலத்தில் ஜார்ஜ் வேஷம் ஒருவர், இளவரசி வேஷம் ஒருவர், கூடவே ஒரு டிராகன். அதன் செல்லப் பெயர் 'ஸ்நாப்'. கூடு கட்டி, துணி போர்த்தி, உள்ளே ஒரு ஆள் புகுந்து ஆடிக்கொண்டு வருவார். நம்ம பொய்க்கால் குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ அதேதான்.

புனிதர் போனார், டிராகன் நின்றது

16-ம் நூற்றாண்டில் இங்கிலாந்து, ரோம் திருச்சபையிலிருந்து பிரிந்தது. புனிதர் வழிபாடு மூடநம்பிக்கை என்றாகிவிட்டது. மத சங்கங்களைக் கலைத்து, சொத்துக்களை அரசு எடுத்துக்கொண்டது. ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர்களிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

நாரிச்சில் நடந்ததுதான் வேடிக்கை. ஊர்வலத்திலிருந்து ஜார்ஜை எடுத்தார்கள், இளவரசியையும் எடுத்தார்கள். ஆனால் டிராகனை மட்டும் மக்கள் விடவில்லை. புதிய மேயர் பதவியேற்பு ஊர்வலத்தில் 19-ம் நூற்றாண்டு வரைக்கும் ஸ்நாப் ஆடிக்கொண்டிருந்தது. இன்று அது நாரிச் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1707-ல் ஸ்காட்லாந்துடன் இணைந்து 'பிரிட்டன்' உருவான பிறகு, ஆங்கிலேயர்களுக்கு 'இங்கிலாந்து' என்ற தனி அடையாளத்தைக் கொண்டாடும் அவசியமும் குறைந்தது. 18-ம் நூற்றாண்டு முடிவதற்குள் ஜார்ஜ் நாள் ஏறத்தாழ மறந்தே போனது. நம்ம ஊரில் அவர் பெயரில் கோட்டை வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், அவர்கள் ஊரில் அவர் நாள் தேய்ந்துகொண்டிருந்தது.

சரி, இப்போ என்னதான் செய்கிறார்கள்?

சுத்தமாக ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது.

வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை போட்ட கொடியை டவுன் ஹால்களிலும் சர்ச் கோபுரங்களிலும் ஏற்றுவார்கள். சிலர் சட்டையில் சிவப்பு ரோஜா குத்திக்கொள்வார்கள். மதுக்கடைகளில் தோரணம் தொங்கும். சில ஊர்களில் காலில் சலங்கை கட்டி, கையில் கைக்குட்டை வீசி ஆடும் 'மோரிஸ்' நடனம் இருக்கும். ஜார்ஜ்தான் சாரணர் இயக்கத்துக்கும் பாதுகாவலர் என்பதால், சாரணர்கள் அணிவகுத்து உறுதிமொழி எடுப்பார்கள். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பாட்டு, சாப்பாட்டுக் கடைகள் என்று ஒரு விழா நடப்பது வழக்கம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 23, ஈஸ்டருக்கு முந்தைய வாரத்திலோ பிந்தைய வாரத்திலோ வந்துவிட்டால், சர்ச்சில் ஜார்ஜ் திருநாளைத் தள்ளி வைத்துவிடுவார்கள். 2025-ல் ஈஸ்டர் ஏப்ரல் 20 என்பதால், ஜார்ஜ் நாள் ஏப்ரல் 28-க்குப் போனது. கொடி 23-ல், பூசை 28-ல்!

கொடி யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

நாம் 'இங்கிலாந்து கொடி' என்று சொல்வது பெரும்பாலும் நீலப் பின்னணியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட பிரிட்டன் கொடியை. அதில் இங்கிலாந்தின் ஜார்ஜ், ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ, அயர்லாந்தின் பேட்ரிக் என்று மூன்று புனிதர்களின் சிலுவைகள் சேர்ந்திருக்கின்றன. 1966 உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியில் இங்கிலாந்து ரசிகர்கள் ஆட்டியதே அந்தக் கொடியைத்தான். 1996 யூரோ கோப்பையின்போதுதான் ஜார்ஜின் சிவப்புச் சிலுவைக் கொடி மைதானம் முழுக்கப் பறந்தது.

ஆனால் அதே கொடியைத் தீவிர வலதுசாரிக் குழுக்களும் ஊர்வலங்களில் தூக்கின. இதனால் வீட்டு வாசலில் அதைக் கட்டினால், 'இவர் கால்பந்து ரசிகரா, வெளிநாட்டவரை வெறுப்பவரா?' என்று சந்தேகம் வரும் நிலை. 2025 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் உள்ளிட்ட பல ஊர்களில் விளக்குக் கம்பங்களில் இந்தக் கொடியைக் கட்டும் இயக்கம் நடந்தது. சாலை ரவுண்டானாக்களில் சிவப்புச் சிலுவையை வரைந்தார்கள். பாதுகாப்புக் காரணம் சொல்லி சில உள்ளாட்சிகள் கொடிகளை அகற்ற, பெரிய சண்டை. "எங்க நாட்டுக் கொடியை எங்க தெருவுல கட்டக் கூடாதா?" என்று ஒரு பக்கம். "குடியேறிகளுக்கு எதிரான போராட்டம் நடக்கிற நேரத்துல இதைக் கட்டினா, அது எங்களுக்கான மிரட்டல் இல்லையா?" என்று இன்னொரு பக்கம்.

அந்த ஊர்களில் நர்ஸாகவும், ஐ.டி. ஊழியராகவும், மாணவராகவும் நம்ம பிள்ளைகளும் இருக்கிறார்கள். துருக்கிப் பக்கத்துக் குடும்பம், பாலஸ்தீனத்தில் மரணம்... இப்படி வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு புனிதரின் கொடியை வைத்து 'யார் வெளியாள்' என்று சண்டை நடப்பதுதான் இதில் முரண்.

லீவு விட்டால் சரியாகிவிடுமா?

வட அயர்லாந்தில் மார்ச் 17, பேட்ரிக் நாளுக்கு விடுமுறை உண்டு. ஸ்காட்லாந்தில் நவம்பர் 30, ஆண்ட்ரூ நாளை 2007-ல் விடுமுறைப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் அன்று கட்டாயம் லீவு தர வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சட்டம் சொல்லவில்லை. பலர் வேலைக்குத்தான் போகிறார்கள். இங்கிலாந்திலும் 2017 தேர்தலின்போது, நான்கு புனிதர்களின் நாட்களையும் பொது விடுமுறை ஆக்குவோம் என்று லேபர் கட்சி வாக்குறுதி தந்தது. அவர்கள் ஆட்சிக்கு வரவில்லை, அறிவிப்பும் நின்றுபோனது.

விடுமுறை மட்டும் ஒரு நாளைத் திருவிழா ஆக்கிவிடுமா? விடை நம்ம தாலுகாவிலேயே இருக்கிறது.

2024 ஏப்ரல் 23, சித்திரா பௌர்ணமி. இங்கிலாந்தில் ஜார்ஜ் நாள். அதே நாளில் உளுந்தூர்பேட்டையை அடுத்த கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில், நாடெங்கிலுமிருந்து வந்த திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டார்கள். மறுநாள் தேர். பாண்டவர்கள் ஜெயிக்கத் தன்னையே பலி கொடுத்த அரவானுக்காகத் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை கட்டி அழுதார்கள். அரவான் சிலையின் பாகங்கள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்து தேரில் சேரும். ஒரு ஊர் கொண்டுவராவிட்டால் சாமி முழுசாகாது. எந்த அரசாங்கமும் உத்தரவு போட்டு இதை உருவாக்கவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும், சுற்றியுள்ள ஒவ்வொரு ஊருக்கும் அதில் செய்ய ஒரு வேலை இருக்கிறது.

ஜார்ஜுக்கே கூட அப்படி ஒரு திருவிழா உண்டு, இங்கிலாந்தில் இல்லை, கேரளாவில்! ஆலப்புழா மாவட்டம் எடத்துவா ஆலயத்தில் ஏப்ரல் கடைசியில் கொடியேறி மே 7-ல் பெருவிழா. கன்னியாகுமரி, தூத்துக்குடி கடற்கரை ஊர்களிலிருந்து தமிழ் மீனவக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்த் தங்கி, நேர்ச்சை செலுத்திவிட்டு வருகிறார்கள். ஈட்டியோடு குதிரையில் உட்கார்ந்திருக்கும் அதே ஜார்ஜ்தான். அங்கே அவர் யாரையும் வெளியே நிறுத்தும் அடையாளமாக இல்லை. கடலுக்குப் போகிறவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பும் சாமியாக இருக்கிறார்.

இங்கிலாந்தில் ஜார்ஜ் நாளை நடத்திக்கொண்டிருந்த சங்கங்களைக் கலைத்தபோது, மக்கள் கையிலிருந்த வேலை போய்விட்டது. கடைசியில் மிஞ்சியது ஒரு கொடி. வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கொடியை வைத்து 'இது எங்களுடையது' என்று சொல்வது சுலபம், பங்கு போடுவதுதான் கஷ்டம்.

அடுத்த ஏப்ரல் 23-ல், லண்டனிலோ லெஸ்டரிலோ இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் 'ஹேப்பி செயின்ட் ஜார்ஜ் டே' என்று அனுப்பிப் பாருங்கள். "இன்னைக்கு அதுவா? எனக்கு ஷிஃப்ட் இருக்கே" என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பக்கத்து டேபிள் ஆங்கிலேயரும் அதையே சொல்ல நிறைய வாய்ப்பிருக்கிறது.