மோதிரம் என்றொரு ரிப்போர்ட்

எனக்கும் மருத்துவத்துக்கும் ரொம்ப தூரம். பி.காம். படித்த காலத்தில் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாமல் தலைவலி மாத்திரை போட்டதோடு சரி! ஆனாலும் இரண்டு பயாப்ஸி ரிப்போர்ட்டுகளை வரி விடாமல் படிக்க வேண்டியதாகிவிட்டது.

முதல் ரிப்போர்ட், வேங்கிக்காலில் இருக்கும் என் சித்தப்பாவுடையது. வருடம் 2017, வயது 61. பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன் செய்தார்கள், பிழைத்துவிட்டார்.

இரண்டாவது, 2021-ல் அத்தை மகனுடையது. வயது 34. அதே பெருங்குடல், அதே புற்றுநோய். "சித்தப்பாவே பொழைச்சுட்டாரு... வயசுப் பையன் உனக்கென்னடா?" என்று குடும்பமே தைரியம் சொன்னது. நானும்தான்.

அவனோ ரிப்போர்ட்டைக் காட்டி, "மச்சான், சிக்னெட் ரிங்னு போட்டிருக்கு. முத்திரை மோதிரமாம்! ராசியான பேருதானே?" என்று சிரித்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு பேப்பரில் படம் போட்டு விளக்கினார்.

பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை 'அடினோகார்சினோமா'. குடலின் உட்புறச் சுரப்பி செல்களில் பிறப்பது. புற்று செல்கள் பழைய சுரப்பி வடிவத்தை ஓரளவு காப்பாற்றி வைத்திருந்தால், பொதுவாக வேகம் குறைவு. சித்தப்பாவுடையது இந்த ரகம். கட்டியில் பாதிக்கு மேல் சளி தேங்கி நின்றால் 'மியூசினஸ்' ரகம். அந்தச் சளியே செல்லுக்குள் நிறைந்து, நடுவிலிருக்கும் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால், மைக்ராஸ்கோப்பில் கல் வைத்த மோதிரம் மாதிரி தெரியும். அதுதான் சிக்னெட் ரிங்! கட்டியாகத் திரளாமல் செல்கள் தனித்தனியாகப் பரவும். வயிற்றின் உள்சவ்வு வரை போய்விடும்.

மேல்நாடுகளில் இந்த ரகம் நூற்றுக்கு ஒருவருக்குத்தான். மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 2013-14-ல் வந்த 800 பெருங்குடல், மலக்குடல் நோயாளிகளைப் பார்த்ததில், சுமார் 13 சதவிகிதம் பேருக்கு இருந்ததாம். நோயாளிகளின் சராசரி வயதே 47தான்!

"அப்படின்னா பேரை வெச்சே தலையெழுத்தைச் சொல்லிடலாமா டாக்டர்?" என்றேன்.

"முதல்ல பார்க்க வேண்டியது ஸ்டேஜ். குடலோட நின்னிருக்கா, நெறிக்கட்டிக்குப் போயிருக்கா, தாண்டிடுச்சா? அதுக்கப்புறம்தான் ரகம். மியூசினஸ்காரங்க, ஒரே ஸ்டேஜ்ல மத்தவங்களைவிட ரொம்பப் பின்தங்கறதில்லை. சிக்னெட் ரிங் மட்டும் ஒரே ஸ்டேஜ்லயும் கொஞ்சம் மோசம். அதைவிட மோசம், லேட்டா வர்றது."

லேட்டாகத்தான் போயிருந்தோம். மலத்தில் ரத்தம் எட்டு மாதமாக. மூலம் என்று அவனே முடிவு கட்டி, கடையில் லேகியம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். பௌர்ணமிக் கூட்டம் வேலூர் ரோட்டை அடைத்திருந்த ஒரு ராத்திரி, வயிறு உப்பித் துடித்தவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஊர்ந்தபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரியும். 2022 கடைசியில் போய்விட்டான்.

அந்த டாக்டர் கடைசியாகக் கேட்ட கேள்வி: "குடும்பத்துல வேற யாருக்காவது இருந்ததா?" சித்தப்பாவைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்த உறவில் இரண்டு பேர், அதில் ஒருவர் இளம் வயது என்றால், பரம்பரைக் கோளாறா என்று பார்க்க வேண்டுமாம். கட்டித் திசுவிலேயே அதற்குப் பரிசோதனை உண்டு. எம்.எஸ்.ஐ. என்பார்கள். சிலருக்கு எந்த மருந்து கேட்கும் என்பதையும் அதுவே சொல்லும்.

அத்தை மகனின் அண்ணன், "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்று மூன்று மாதம் நழுவினார். இழுத்துக்கொண்டு போய் இருவரும் கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டோம். முதல் நாள் லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்லும் பேதி மருந்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்! எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு ஒரு சிறு பாலிப். புற்றாக மாறுவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு ரிப்போர்ட் இருந்தால் பரணில் போடாதீர்கள். என்ன ரகம், எந்த ஸ்டேஜ், எம்.எஸ்.ஐ. பார்த்தாச்சா என்று மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். மலத்தில் ரத்தம் வந்தால், மூலம் என்று டாக்டர் சொல்லட்டும். நீங்கள் சொல்லாதீர்கள்.