செவிலிப் புரதங்களும் ஆர்.என்.ஏ. கருவிகளும்

உயிரணுவின் பெரும்பாலான பணிகளைச் செய்பவை புரதங்களே. அமினோ அமிலங்கள் மணிகள்போல் கோக்கப்பட்ட சங்கிலியே புரதம். அச்சங்கிலி தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் அது பயன்படும். 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் என்னும் நொதி, விரிக்கப்பட்ட பின்னரும் தானாகவே மடிந்துகொள்வதைக் காட்டிய அமெரிக்க அறிஞர் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் 1972-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆயின், அது சோதனைக் குழாயில் நிகழ்ந்தது. உயிரணுவினுள் மூலக்கூறுகளின் நெரிசல் மிகுதி. அரைகுறையாக மடிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடக்கூடும். வேகவைத்த முட்டையின் வெண்கரு கட்டியாவது இத்தகைய திரட்சியே. இதனைத் தடுக்கும் புரதங்களை ஆங்கிலத்தில் 'சாப்பரோன்' என்பர். இளம்பெண்ணுக்குக் காவலாக உடன்செல்லும் மூத்த பெண் என்பது அச்சொல்லின் பொருள். நாம் 'செவிலிப் புரதம்' எனலாம்.

இவற்றுள் முதன்மையானது ஹெச்.எஸ்.பி.70. ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு இதனுடன் இணைந்திருக்கையில் இதன் பிடி தளர்ந்திருக்கும். ஏ.டி.பி. சிதைந்ததும் மூடி மூடிக்கொண்டு சங்கிலியை இறுகப் பற்றும். புதிய ஏ.டி.பி. வந்ததும் விட்டுவிடும். இவ்வாறு பற்றியும் விட்டும் மடிப்புக்கு உதவுகிறது.

இதன் ஒவ்வொரு படியின் பயனையும் அறிவது எங்ஙனம்? மரபணுவை நீக்கினால் புரதமே இல்லாமற் போகும். அல்லது அதன் உறவுப் புரதங்கள் அவ்வேலையை ஏற்றுக்கொள்ளும். புரதம் இருக்க வேண்டும். அதன் ஒரு செயல் மட்டும் நிற்க வேண்டும். இதற்கு ஏற்ற கருவியாக ஆர்.என்.ஏ. வந்தது.

1990-இல் அமெரிக்காவின் இரு ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே ஒரு முறையைக் கண்டன. கோடிக்கணக்கான கோடி வெவ்வேறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை ஒரு புரதத்துடன் கலப்பர். ஒட்டாதவற்றைக் கழுவி நீக்குவர். ஒட்டியவற்றை மட்டும் படியெடுத்துப் பெருக்குவர். முறத்தில் மீண்டும் மீண்டும் புடைப்பதுபோல் இதனைப் பல சுற்றுகள் நடத்தினால், இறுகப் பொருந்துபவை எஞ்சும். இவையே 'ஆப்டமர்'கள்.

ஏ.டி.பி. இணைந்த நிலையிலுள்ள ஹெச்.எஸ்.பி.70-ஐ இனங்கண்டு பற்றி, ஏ.டி.பி. சிதைவைத் தடுக்கும் ஆர்.என்.ஏ. ஒன்றை நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டனர். ஆர்.என்.ஏ.வுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதற்குரிய டி.என்.ஏ.வை உட்செலுத்தினால், உயிரணுவே அதனை ஆக்கித் தரும். எனினும், உயிரணுவின் நொதிகள் அதனை விரைவில் சிதைத்துவிடாதபடி அதன் வடிவை உறுதியாக்க வேண்டும்.

இதனால் விளையும் பயன் யாது? ஆல்ஸ்ஹைமர், பார்க்கின்சன் நோய்களில் புரதங்கள் தவறாகத் திரள்கின்றன. அங்கே செவிலியின் துணை மிகுதியாகத் தேவை. புற்றுநோய் அணுக்கள் பலவற்றிலோ அதே செவிலி மிகுந்து நின்று அவற்றை அழியாமல் காக்கிறது. அங்கே அதனைத் தடுக்க வேண்டும். எந்தப் படியைத் தடுத்தால் என்ன நேரும் என்பதை அறியாமல் மருந்து தேடினால் ஒன்றைக் காக்கப்போய் மற்றொன்றைக் கெடுக்க நேரிடும். அவ்வறிவைப் படிப்படியாகத் தருவதே இக்கருவிகளின் பணியாகும்.