விபத்தும் விரைந்த உதவியும்

சேலம் நகரை விட்டுத் தெற்கே புறப்படும் நெடுஞ்சாலை மல்லூரைத் தாண்டி, இராசிபுரத்தை ஒருபுறம் விட்டு, புதுச்சத்திரம், நாமக்கல், பரமத்தி, வேலூர் என்று ஊர்களைத் தொட்டுச் சென்று காவிரிப் பாலத்தைக் கடக்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இது ஒரு சிறு துண்டு. சேலத்திலிருந்து மேற்கே சங்ககிரி வழியாகக் கோயம்புத்தூருக்கு ஒரு சாலையும், கிழக்கே ஆத்தூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டைக்கு மற்றொரு சாலையும் பிரிகின்றன. பின்னால் சேர்வராயன் மலை, பக்கத்தில் கொல்லிமலை, இவற்றை ஒட்டிக் கிடக்கும் சமவெளியை லாரிகளின் நாடு என்றே சொல்லிவிடலாம். நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியா முழுவதும் சென்று நிலத்தைத் துளைக்கின்றன. சங்ககிரியில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது லாரித் தொழிலே.

வாழ்வு தரும் இச்சாலையே சில வேளைகளில் உயிரையும் வாங்கிக்கொள்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவ்வாண்டில் தமிழ்நாட்டில் நேர்ந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். மாண்டவர் 17,884 பேர். அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக நாற்பத்தொன்பது உயிர்கள். இவர்கள் எல்லாரும் தப்ப வழியே இல்லாமல் மாண்டவர்களா? இல்லை என்கிறது மருத்துவம். உரிய நேரத்தில் உதவி கிடைத்திருந்தால் இவர்களில் பலர் பிழைத்திருக்கக்கூடும். ஆதலின், அந்த உதவி ஏன் தாமதமாகிறது, அதை விரைவுபடுத்தச் சட்டமும் அரசும் மக்களும் செய்தது என்ன, செய்ய வேண்டியது என்ன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

வளர்ந்த மனிதன் ஒருவன் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் இரண்டு லிட்டர் அளவு வெளியேறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அடிபட்டு நினைவிழந்தவன் மல்லாந்து கிடந்தால், நாக்கு பின்னே சரிந்து மூச்சுவழியை அடைத்துவிடலாம். மூச்சுக்காற்று சில நிமிடங்கள் மூளைக்கு எட்டாமற்போனால் மீளாத கேடு விளையும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய ஆர். ஆடம்ஸ் கௌலி என்னும் அறுவை மருத்துவர், கடுங்காயம் பட்டவனைக் காக்கும் முதல் ஒரு மணி நேரத்தைப் ‘பொன்னான நேரம்’ என்று வற்புறுத்தினார். அக்கருத்து இன்று நம் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் யார் யார் வருகிறார்கள்? 108 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வண்டி புறப்படுகிறது. தமிழ்நாட்டில் இச்சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் ஓட்டுநரோடு, அவசர மருத்துவப் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவரும் வருவார். இரத்தத்தை நிறுத்துவது, மூச்சுவழியைத் திறந்து வைப்பது, முறிந்த எலும்பை அசையாமல் கட்டுவது ஆகியவை போகும் வழியிலேயே நடக்கும். நசுங்கிய வண்டிக்குள் ஆள் சிக்கிக்கொண்டால், இரும்பை வெட்டியும் விரித்தும் அவரை வெளியே எடுப்பவர்கள் தீயணைப்பு மீட்புப் படையினர். எரிவாயு டாங்கர் லாரி கவிழ்ந்தால் அவர்கள் வரும்வரை அருகே எவரும் தீக்குச்சி கிழிக்கவும் ஆகாது. சமையல் எரிவாயு ஏற்றும் டாங்கர்கள் மிகுந்த நாமக்கல் பகுதியில் இது சிறுவர்க்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

காவல் துறையின் வேலை இன்னும் சிக்கலானது. வருகின்ற மற்ற வண்டிகள் மோதிவிடாமல் தடுக்க வேண்டும். கூட்டத்தை விலக்க வேண்டும். காயம் பட்டவரை அனுப்ப வேண்டும். அதன்பின் தடயங்களைக் காக்க வேண்டும். சக்கரம் தேய்த்த தடம், வண்டிகள் நின்ற நிலை, சாலையின் அகலம் ஆகியவற்றை அளந்து வரைபடம் எழுதுகிறார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவு செய்கிறார்கள். இரத்தம் சிந்திய இடத்தில் நின்று நாடா பிடித்து அளப்பது சிலருக்குக் கல்நெஞ்சமாகத் தோன்றலாம். ஆனால் பின்னர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஒரு விதவையின் கோரிக்கைக்கு ஆதாரமாக நிற்பது அந்த அளவுகளே. குற்றமற்ற ஓட்டுநர் ஒருவரை விடுவிப்பதும் அவையே. கேள்வி கேட்பது காவலரின் கடமை. அதை எப்போது, யாரிடம், எவ்வாறு கேட்பது என்பதில்தான் பல்லாண்டு வாதம் நடந்தது.

இத்தனை பேரும் வந்து சேர்வதற்கு முன் விபத்து நடந்த இடத்தில் இருப்பவர் யார்? வழிப்போக்கர், தேநீர்க் கடைக்காரர், பேருந்துக்காகக் காத்திருக்கும் மாணவர். முதல் உதவியாளர் என்ற பெயர் உண்மையில் இவர்களுக்கே உரியது. ஆயினும் இவர்கள் தயங்கினார்கள். இவர்களுக்கு முன் மருத்துவமனை தயங்கியது. மோதிய வண்டியின் ஓட்டுநரோ ஓடி மறைந்தார். மூவரும் இரக்கமற்றவர்கள் அல்லர். மூவரையும் ஆட்டிவைத்தது அச்சம். அம்மூன்று அச்சங்களின் வரலாறே நாம் அறிய வேண்டியது.

முதலாவது, மருத்துவரின் அச்சம். விபத்து வழக்கு என்றால் போலீஸ் வர வேண்டும், காகிதம் வர வேண்டும், பின் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும் என்று பல மருத்துவமனைகள் காயம் பட்டவரைத் திருப்பி அனுப்பின. கார் மோதிய ஸ்கூட்டர்க்காரர் ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்க மறுத்து, இருபது கிலோமீட்டர் தொலைவிலிருந்த மற்றொன்றுக்குப் போகச் சொல்லிற்று. அவர் வழியிலேயே மாண்டார். செய்தித்தாளில் இதைப் படித்த பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1989 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை, சட்ட நடைமுறைகள் அதன் பின்னரே என்று ஐயத்துக்கு இடமின்றி உரைத்தது. அரசு மருத்துவமனைக்கும் தனியார் மருத்துவமனைக்கும் இது பொது.

பணத்தைப் பற்றிய தயக்கம் அதன்பின்னும் நீடித்தது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும், இத்திட்டம் கட்டணமின்றி அளித்தது. தொடங்கியபோது இதன் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். நாடு முழுவதற்கும் இத்தகைய ஏற்பாடு வேண்டும் என்ற குரலில் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரனுடைய பெயர் குறிப்பிடத்தக்கது. அவர் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், பொன்னான நேரச் சிகிச்சைக்குத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அவ்வாண்டு மே மாதம் அத்திட்டம் அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது, வழிப்போக்கரின் அச்சம். “நமக்கு ஏன் வம்பு?” என்ற ஒரு சொல்லில் அது முழுவதும் அடங்கிவிடுகிறது. தூக்கிச் சென்றவனையே மோதியவன் என்று எண்ணுவார்களோ, பணம் கட்டச் சொல்வார்களோ, சாட்சி சொல்ல ஆண்டுக்கணக்கில் அலைய நேருமோ என்ற கலக்கம் அது. நம் மாகாணத்துக் காவல் அமைப்புக்கு அடித்தளமிட்ட சட்டம் அந்நிய ஆட்சியில் 1859இல் வந்தது. குடிகளுக்குப் பணி செய்வதினும் அவர்களை அடக்கி வைப்பதே அக்காலக் காவலின் நோக்கம். அந்த நினைவு தலைமுறை தலைமுறையாக மக்கள் மனத்தில் தங்கிவிட்டது என்பதில் வியப்பில்லை.

உறவினரான சிறுவன் ஒருவனை 2007இல் விபத்தில் இழந்த பியூஷ் திவாரி என்பவர், தில்லியில் ‘சேவ்லைஃப்’ என்னும் அமைப்பை நிறுவினார். அவ்வமைப்பு 2012இல் தொடுத்த வழக்கின் விளைவாக, உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை மத்திய அரசு வகுத்தது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை நாடு முழுவதும் கட்டுப்படுத்துபவையாக ஆக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவு சேர்ந்தது; 2020இல் விதிகளும் வந்தன. பைபிளில் வரும் கதையை ஒட்டி, உதவுபவரை ‘நல்ல சமாரியன்’ என்று அச்சட்டம் குறிப்பிடுகிறது.

அது கூறுவதை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. நல்லெண்ணத்தோடு, கைம்மாறு கருதாமல் உதவியவர்மீது, அடிபட்டவருக்கு நேர்ந்த தீங்குக்காக உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லுமாறு காவலர் அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. மருத்துவமனை அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளவோ, பணம் கேட்கவோ கூடாது. தாமாக விரும்பிச் சாட்சியாக முன்வந்தால், அவருக்கு வசதியான இடத்தில், வசதியான வேளையில் விசாரிக்க வேண்டும். சட்டத்தின் நிலை இவ்வளவு தெளிவு. ஆயின் சட்டம் மாறிய வேகத்தில் மனம் மாறுவதில்லை. இந்த உரிமையை அறியாத வழிப்போக்கருக்கு இது இருந்தும் இல்லாததே.

உதவியவருக்குப் பரிசு தரலாமா என்பதும் ஒரு வாதம். மத்திய அரசு 2021இல் 5,000 ரூபாய் பரிசு அறிவித்தது. 2025இல் அதை 25,000 ஆக உயர்த்தியது. அறத்துக்கு விலை வைக்கலாமா என்று சிலர் கேட்டனர். கூலி இழந்து, மருத்துவமனை வாசலில் நின்ற ஏழைத் தொழிலாளிக்கு அது விலையன்று, மதிப்பு என்று வேறு சிலர் விடையிறுத்தனர். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் பரிசைக் காட்டிலும், “நன்றி, நீங்கள் போகலாம்” என்று ஒரு காவலர் இன்முகத்தோடு சொல்லும் சொல் நூறு பேரை உதவிக்கு அழைத்துவரும்.

மூன்றாவது, ஓட்டுநரின் அச்சம். லாரிகளின் நாடாகிய இச்சமவெளிக்கு இது வீட்டுச் செய்தி. பழைய தண்டனைச் சட்டத்தில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை. புதிய பாரதிய நியாய சன்ஹிதா அதை ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியது. கவனமின்றி ஓட்டி மரணம் விளைவித்தவர் உடனடியாகக் காவலருக்கோ நீதிபதிக்கோ தெரிவிக்காமல் தப்பி ஓடினால் பத்து ஆண்டுகள் வரை தண்டனை என்றும் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. 2024 ஜனவரி தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். பல ஊர்களில் பெட்ரோல் நிலையங்களில் மக்கள் வரிசை கட்டி நின்றனர். அரசு பேச்சு நடத்தியது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

இருபுறத்து வாதத்தையும் கேட்போம். “நின்றால் கூட்டம் அடித்துக் கொல்லும்; ஓடினால் சட்டம் பத்து ஆண்டு தரும்; நாங்கள் என்ன செய்வது?” என்பது ஓட்டுநரின் கேள்வி. “ஓடியவர் ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்திருந்தால் எங்கள் பிள்ளை பிழைத்திருப்பான்” என்பது இழந்த குடும்பத்தின் கேள்வி. வண்டி இன்னதென்று தெரியாத விபத்துகளில் அக்குடும்பத்துக்கு 2022ஆம் ஆண்டுத் திட்டம் வகுத்த தொகை இரண்டு லட்சம் ரூபாய்தான்.

இதற்கு வழி மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று கூறும் அப்பிரிவு, கூட்டத்தின் சினத்தால் அது இயலாதபோது விலக்கும் அளிக்கிறது. எனவே சட்டம் அவரைக் கூட்டத்தின் நடுவே நின்று அடிபடச் சொல்லவில்லை. ஓடி ஒளிவது வேறு, காவல் நிலையத்தை நோக்கி ஓடுவது வேறு. 108ஐ அழைத்துவிட்டு அருகிலுள்ள காவல் நிலையத்தில் போய் நிற்கும் ஓட்டுநர் தம் உயிரையும் காக்கிறார், பிறர் உயிரையும் காக்கிறார். அவர் அப்படிச் செல்ல வேண்டுமானால் இரண்டு தேவை: சாலையில் நிற்கும் நாம் நீதிபதியாகவும் தண்டிப்பவராகவும் மாறாதிருக்க வேண்டும், காவல் நிலையமும் அவரை முதற்கண் மனிதராக ஏற்க வேண்டும்.

மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியது சிறிதன்று. விபத்தைக் கண்டால் முதலில் 108ஐ அழையுங்கள்; இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். கிலோமீட்டர்க் கல்லோ, அருகிலுள்ள ஊரோ, பாலமோ சொன்னால் போதும். பீறிடும் இரத்தத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். தீயோ வேறு ஆபத்தோ இல்லையெனில் அடிபட்டவரை இழுத்து அசைக்காதீர்கள்; முதுகெலும்பு முறிந்திருக்கலாம். இரக்கத்தால் தண்ணீர் புகட்டாதீர்கள். நினைவற்றவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கும். சுற்றி நின்று காற்றை மறிக்காதீர்கள். ஓட்டுநரை அடிக்கக் கை ஓங்குபவரைத் தடுங்கள்.

நடு இரவில் ஆண்டகளூர்க் கேட்டிலோ, சங்ககிரிச் சாலையிலோ ஒருவர் விழுந்து கிடக்கும்போது ஆம்புலன்ஸ் எத்துணை விரைந்தாலும், அதற்கு முன்னால் அங்கே நிற்பவர் நீங்கள்தாம். “நமக்கு ஏன் வம்பு?” என்ற பழைய சொல்லுக்கு இனிச் சட்டத்தில் இடமில்லை. அதற்கு நம் வாயிலும் இடமில்லாமற் செய்வது நம் கையில் இருக்கிறது.