கடல் கொள்ளுமுன் காண வேண்டிய மாளிகை

விடுமுறை நாள்களில் உறவினரும் அயலாருமாக ஒரு பஸ் வண்டியை அமர்த்திக்கொண்டு ஊர் பார்க்கப் புறப்படுவது நம்மிடையே நல்லதொரு வழக்கமாக இருந்து வருகிறது. ஆயினும் ஒரே நாளில் பத்து இடங்களைப் பார்த்துவிட எண்ணுவோர், மாலையில் வீடு திரும்பும்போது ஓரிடத்தையும் செவ்வையாகப் பார்த்தவராக இருப்பதில்லை. பழைய கட்டடங்களைக் காணச் செல்வோரிடம் இக்குறை மிகுதி. கதை அறியாதவர்க்குக் கோட்டையும் வெறும் குட்டிச்சுவரே. ஆகவே ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும். அவ்வூரின் கதையைப் புறப்படுமுன்னரே அறிந்துகொள்ள வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டாக மன்னார்க் கரையிலுள்ள அரிப்பைக் கூறலாம்.

மன்னாரிலிருந்து தெற்கே சென்று அருவியாற்றைக் கடந்தால் அரிப்பு வரும். அங்கே கடலோர மேட்டின் விளிம்பில் ஒரு பெருங்கட்டடத்தின் சிதைவுகள் நிற்கின்றன. ஊரார் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். சரித்திரம் அதனை டொரிக் மாளிகை என்கிறது. இலங்கையின் முதலாவது ஆங்கிலத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த் என்பவர், முத்துக்குளிப்பைத் தாமே மேற்பார்வை செய்வதற்காக 1801 முதல் 1804 வரையில் இதனைக் கட்டுவித்தார். அமைப்பை வகுத்தவரும் அவரே.

‘டொரிக்’ என்பது பண்டைக் கிரேக்கரின் சிற்பமுறைகளுள் ஒன்று. அலங்காரம் குறைந்து, பருத்து, கம்பீரமாக நிற்கும் தூண்களே அதன் அடையாளம். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் ஆலயம் அம்முறையில் எழுந்ததே. முத்துக்குளிக்கும் துறைக்குக் கிரேக்கத் தூண்கள் எவ்வாறு வந்தன என்று குழந்தைகள் வினவக்கூடும். நோர்த் கிரேக்க நாட்டின்மீது தீராக் காதல் கொண்டவர். 1791இல் கிரேக்கத் திருச்சபையிலேயே சேர்ந்தவர். பிற்காலத்தில், 1824இல், கோர்பூத் தீவில் ஒரு கல்விக்கழகத்தைத் தோற்றுவித்தவர். அவருடைய உள்ளத்தில் இருந்த நாடு அரிப்புக் கரையில் கட்டடமாக உருக்கொண்டது எனலாம்.

ஆனால் பொருளோ நம் நாட்டுப் பொருள். செங்கல்லால் எழுப்பி, சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்புச் சாந்தைப் பூசினார்கள். அப்பூச்சு சலவைக்கல்லைப் போலப் பளபளத்ததாம். 1804ஆம் ஆண்டு முத்துக்குளிப்பைக் காண வந்த கோடினர் பாதிரியார் தமது நூலில் இம்மாளிகையைப் பெரிதும் வியந்து எழுதியுள்ளார்.

அருகிலேயே அரிப்புக் கோட்டையும் உண்டு. போர்த்துக்கேயர் கட்டிய இச்சிறு கோட்டை பின்னர் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கண்டி அரசனிடம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679இல் ஒரு தோழருடன் தப்பி, அருவியாற்றின் கரையையே வழியாகப் பற்றி நடந்து, இக்கோட்டையை அடைந்துதான் விடுதலை பெற்றார். நாம் பாலத்தில் ஒரு நொடியில் கடக்கும் ஆறு அவருக்கு உயிர் காத்த வழி. வண்டி அவ்விடத்தை நெருங்கும்போது இக்கதையைச் சொன்னால் உறங்குகின்ற பிள்ளையும் எழுந்து பார்க்கும்.

இனிப் பயண ஏற்பாட்டைக் கவனிப்போம். முத்துக்குளிப்புக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி மாதங்களே பயணத்துக்கும் உகந்தவை. விடியற்காலையில் புறப்படுதல் வேண்டும். கரையில் நிழல் அரிது. குடிநீரும், தொப்பியும், கட்டுச்சோறும் கொண்டு செல்க. குழுவில் ஒருவர் நோர்த்தின் கதையையும், ஒருவர் நொக்ஸின் கதையையும், முதியவர் ஒருவர் அல்லிராணியின் கதையையும் சொல்லட்டும். மாளிகையின் வயது 200 ஆண்டுகளுக்குச் சற்று மேல். அல்லிராணியோ கர்ணபரம்பரைக் கதைகளில் அருச்சுனனை மணந்தவள். சரித்திரம் வேறு, கதை வேறு என்பதையும், இரண்டும் போற்றத்தக்கவை என்பதையும் சிறுவர் அங்கேயே உணர்வர். ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து, கண்டதை வரையச் செய்யுங்கள். சாந்து உதிர்ந்த இடத்தில் செங்கல் அடுக்கிய முறையைக் காட்டுங்கள். நேரமிருப்பின் திரும்பும் வழியில் போர்த்துக்கேயர் 1560இல் அமைத்த மன்னார்க் கோட்டையைப் பார்த்து, இரண்டையும் ஒப்பிடலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சுவர்கள் தளர்ந்துள்ளன, மேட்டின் விளிம்போ கடலலையால் உள்ளே குடையப்பட்டது. பிள்ளைகளைச் சுவரேற விடலாகாது, விளிம்புக்கும் அனுப்பலாகாது. நினைவுக்கென்று ஒரு செங்கல்லையும் எடுத்து வரலாகாது. வருவோரெல்லாம் ஒவ்வொன்று எடுத்தால் கடலுக்கு வேலை மிச்சமாகிவிடும்.

ஊரின் பெயரும் அரிப்பு. அங்கே கடல் செய்துவரும் தொழிலும் அரிப்பு. மாளிகையின் ஒரு பகுதி முன்னரே இடிந்து வீழ்ந்துவிட்டது. நெடுங்காலம் போரினால் அப்பக்கம் செல்லவே இயலாதிருந்தது. 2009இல் போர் ஓய்ந்தபின் வழி திறந்தது. கடலோ ஒருநாளும் ஓயவில்லை. இன்று நாம் காணும் சுவரை நம் பேரப்பிள்ளைகள் காண்பார்களோ என்பது ஐயமே.

கட்டடத்தைக் காப்பது அரசினரின் கடமை. ஆயினும் மக்கள் தேடிச் சென்று காணாத கட்டடத்தின்மீது எந்த அரசும் அக்கறை கொள்வதில்லை. அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்செழும்போது, அரிப்பின் பெயரையும் சொல்லிப் பாருங்கள். பார்த்தவர் ஒருவர் இருக்குமட்டும் அம்மாளிகை முற்றாக அழிந்ததாகாது.