ட்ரைவ்வேயில் ஒரு தொன் பனி

காலை ஐந்து மணி. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தால் தெரு முழுக்க வெள்ளை. ஏழு மணி வேலைக்கு ஆறேகாலுக்காவது கார் வெளிக்கிட வேண்டும். அப்பா இரவு உடுப்புக்கு மேலே ஜாக்கெட்டைக் கொழுவிக்கொண்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல், கராஜுக்குள் இருந்து ஷவலை எடுத்துக்கொண்டு இறங்குகிறார். கனடாவின் ஸ்காபரோ, மார்க்கம், பிராம்டன் பக்கம் எங்கள் வீடுகளில் பனிக்காலம் முழுவதும் நடக்கிற காட்சி இது. குப்பைத்தொட்டியைத் தெருவோரம் வைப்பதோடு சேர்த்து எண்ணப்படுகிற ஒரு வீட்டு வேலை. ஆனால் ஐம்பது வயது தாண்டி, உடற்பயிற்சிக்கு நேரமில்லாமல் ஓடித் திரியும் ஒருவருக்கு, அந்த வருடத்திலேயே அவருடைய இதயம் படுகிற மிகப் பெரிய பாடு அந்த அரைமணி நேரமாகவே இருக்கக்கூடும்.

எவ்வளவு பாரம் அது?

இரண்டு கார் நிற்கும் ட்ரைவ்வே ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 6 மீற்றர், நீளம் 10 மீற்றர். அதன்மேல் 20 சென்ரிமீற்றர் பனி விழுந்திருந்தால் மொத்தம் 12 கன மீற்றர். புதிதாக விழுந்த இலேசான பனியே கன மீற்றருக்குச் சுமார் 100 கிலோ வரும். அப்படியென்றால் நீங்கள் அகற்றப்போவது 1,200 கிலோ. ஒரு தொன்னுக்கும் மேலே. ஷவலுக்கு ஆறு கிலோ என்று அள்ளினாலும் இருநூறு தடவை குனிந்து நிமிர வேண்டும். பூச்சியப் பாகைக்குக் கிட்ட விழும் ஈரப்பனி இதைவிட இரண்டு மூன்று மடங்கு கனக்கும்.

இதெல்லாம் முடிந்து மூச்சு வாங்கும்போதுதான் நகராட்சியின் பனி அகற்றும் வண்டி வந்து, தெருப்பனியையெல்லாம் ட்ரைவ்வே வாசலில் வரம்பு கட்டிவிட்டுப் போகும். அது இறுகின பனி, ஐஸ் கட்டி, உப்புத் தண்ணீர் எல்லாம் கலந்த குவியல். களைத்துப்போன உடம்போடு, வேலைக்குப் பிந்துகிறதே என்ற அவதியோடு, கோபத்தோடு அதை வெட்டித் தூக்குவதுதான் முழு வேலையிலும் ஆபத்தான கட்டம் என்பது என் எண்ணம்.

இதயத்துக்குள் நடப்பது

நடப்பதும் ஓடுவதும் கால்களின் வேலை. பனி அள்ளுவது கைகளின் வேலை. கைத்தசைகள் சிறியவை. அதே அளவு வேலையைக் கைகளால் செய்யும்போது இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுதலாக ஏறும். பாரத்தைத் தூக்கும் நொடியில் எங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அது அழுத்தத்தை இன்னும் உயர்த்துகிறது. கால்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்பதால், அங்கிருந்து இரத்தம் இதயத்துக்குத் திரும்புவதும் குறைகிறது.

இவ்வளவுக்கும் மேலே குளிர். குளிர்க்காற்று முகத்தில் பட்டதும், அதைச் சுவாசித்ததும், இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் அப்படித்தான். இதயம் கூடுதல் இரத்தம் கேட்கும் அதே நேரத்தில் அதற்கு வரும் பாதை ஒடுங்குகிறது. குழாயில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்திருந்தால் அந்தப் படிவு வெடிக்கலாம். அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாய் அடைபடலாம். மாரடைப்பு பொதுவாகவே காலை நேரத்தில் அதிகம். நாங்கள் ஷவல் எடுப்பதும் காலையில்தான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்து 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத, ஆனால் ஆரோக்கியமான பத்து இளம் ஆண்களை ஈரப்பனி அள்ள விட்டார்கள். இரண்டே நிமிடத்தில் இதயத்துடிப்பு, உச்ச அளவின் 85 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பத்து நிமிடத்தில் ஏறக்குறைய உச்சத்தையே தொட்டது. இளைஞர்களுக்கே இந்த நிலை.

கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையிலான பனிக்கால மாரடைப்புகளை ஆராய்ந்த கட்டுரை 2017இல் வந்தது. 20 சென்ரிமீற்றர் பனி விழுந்த நாளுக்கு அடுத்த நாள், ஆண்கள் மாரடைப்போடு வைத்தியசாலையில் சேரும் வாய்ப்பு 16 சதவீதமும், இறக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் கூடியிருந்தன. பெண்களிடம் இந்த ஏற்றம் தெரியவில்லை. ஷவலைப் பெரும்பாலும் ஆண்களே எடுப்பதுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

எங்களுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. ஹமில்ரனில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வின் தரவுகள், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடங்கள் முந்தியே, சராசரியாக 53 வயதில், வருகிறது என்று காட்டின. சீனி வருத்தமும் பிரஷரும் எங்கள் குடும்பங்களில் புதிதல்ல. ஐம்பதைத் தொட்ட தமிழர் ஒருவர், "எனக்கு இன்னும் வயது போகவில்லை" என்று சொல்லிக்கொண்டு அந்த வரம்பை வெட்டப் போகும்போது, அவருடைய இதயக் குழாய்களின் வயது என்னவென்று அவருக்குத் தெரியாது.

யார் ஷவலைத் தொடக்கூடாது

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், ஸ்ரென்ற் வைத்தவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுகுபவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இந்த வேலைக்கு இறங்கவே கூடாது. பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் புகைப்பவர்களும் அப்படியே. பல வருடமாகச் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். மாரடைப்பு நோவே இல்லாமல் வரலாம். கால் விரல் குளிரில் விறைத்துப் புண்ணாவதும் தெரியாமல் போகலாம்.

இங்கே பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா உங்களை எழுப்பமாட்டார். பிள்ளை படித்துவிட்டுப் பிந்திப் படுத்தது என்று நினைத்துத் தானே போய்விடுவார். பனி கொட்டும் என்று முதல்நாளே தெரிந்தால், அலாரம் வைத்துக்கொண்டு நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். ஷவலை உங்கள் அறையிலேயே கொண்டுபோய் வைத்தாலும் பிழையில்லை. பிள்ளைகள் தூரத்தில் இருந்தால், பனிக்காலம் முழுவதற்குமாக ஒருவரைக் காசு கொடுத்து ஒழுங்கு செய்யுங்கள். வயோதிபர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் உதவுகிற திட்டங்கள் பல நகராட்சிகளில் உண்டு; பனிக்காலம் தொடங்கும் முன்பே பதிந்து வைக்க வேண்டும்.

வழிப்பதென்றால் இப்படி

படுக்கையில் இருந்து நேரே பனிக்குள் போகாதீர்கள். வீட்டுக்குள்ளேயே ஐந்து பத்து நிமிடம் நடந்து, கை காலை அசைத்து உடம்பைச் சூடாக்குங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் போகக்கூடாது. குளிருக்கு இதம் என்று மது எடுப்பது தவறு. அது தோலின் குழாய்களை விரித்து உடற்சூட்டை வெளியேற்றிவிடும். குளிர்வதும் தெரியாது, களைப்பதும் தெரியாது.

30 சென்ரிமீற்றர் விழுமென்றால் முழுவதும் விழும்வரை காத்திருக்காமல் இடையிடையே மூன்று தரம் வழித்தால், ஒவ்வொரு தரமும் பாரம் குறைவு. முடிந்தவரை தூக்காமல் தள்ளுங்கள். தூக்கத்தான் வேண்டுமென்றால் சிறிய ஷவலில் பாதியளவு அள்ளி, முழங்காலை மடித்துத் தூக்கி, கொட்டும் பக்கம் கால்களோடு திரும்புங்கள். இடுப்பை மட்டும் முறுக்கித் தோளுக்கு மேலால் எறிவதுதான் நாரிப்பிடிப்புக்கு நேர்வழி. அமெரிக்காவில் 1990 முதல் 2006 வரை ஷவல் தொடர்பான காயங்களோடு அவசர சிகிச்சைக்குப் போனவர்கள் வருடத்துக்குச் சராசரியாக 11,500 பேர். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு அடிபட்டது நாரியில்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒருதரம் உள்ளே வந்து இருங்கள். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் அது நிறுத்தச் சொல்லும் அறிகுறி. வாயையும் மூக்கையும் சால்வையால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று சற்றுச் சூடாகும்.

ஐஸ்

பனி வழித்த இடத்தில் மிஞ்சும் மெல்லிய ஐஸ் கண்ணுக்குத் தெரியாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் அதில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வெளியில் காயம் இல்லாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சாதாரண உப்பு கிட்டத்தட்ட மறை 10 பாகைக்குக் கீழே வேலை செய்யாது. அதைவிடக் குளிரென்றால் கல்சியம் குளோரைட், அல்லது வழுக்காமலிருக்க மணல். குவித்துக் கொட்டினால் ஐஸ் கூடுதலாகக் கரையாது, மிச்ச உப்பு ஆற்றுக்கும் ஏரிக்கும் போய்ச் சேரும்.

யந்திரமும் குழாயும்

ஸ்நோ புளோவரில் பனி அடைத்துக்கொண்டால் யந்திரத்தை நிறுத்திய பிறகும் கையை உள்ளே விடாதீர்கள். முறுகி நிற்கும் தகடு அடைப்பு விலகியதும் சுழன்று விரலை வெட்டிவிடும். தடியால் குத்துங்கள். வீட்டுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபேர்னஸ் குழாய்களையும் காரின் புகைக்குழாயையும் பனி மூடியிருந்தால் முதலில் அவற்றை வழித்துவிடுங்கள். மூடிய குழாயால் திரும்பும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.

நெஞ்சு இறுகினால்

எங்கள் தெருவில் ஒருவர் ஷவலை ஊன்றிக்கொண்டு படியில் இருந்தார். நெஞ்சை அமத்திக்கொண்டு, "ஒன்றுமில்லை, வாய்வு" என்றார். மனைவி அதைக் காதில் போடாமல் 911ஐ அழைத்ததால் இன்றைக்கும் இருக்கிறார். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடை உளைவு, குளிரிலும் வியர்வை, ஓங்காளம், காரணமில்லாத மூச்சுத்திணறல் - இவற்றில் எது வந்தாலும் வாய்வு என்று இஞ்சி குடித்துப் பார்க்கிற நேரமல்ல அது. பெண்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் நெஞ்சு நோ இல்லாமல் மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டுமே வரலாம்.

தானே கார் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. 911 எடுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் "டமில்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆஸ்பிரின் ஒவ்வாதவரா என்று அவர்கள் கேட்பார்கள். எடுக்கச் சொன்னால் சப்பி விழுங்க வேண்டும். நெஞ்சு இறுகியவரை உள்ளே கூட்டிவந்து இருத்துங்கள். முன்கதவின் பூட்டைத் திறந்து, வெளி விளக்கைப் போட்டு வையுங்கள். ஸ்ரெச்சர் வருவதற்கு வழி வேண்டும். வீட்டில் இருக்கும் இளையவர் ஒருவர் வாசற்படியை மட்டும் வழித்து உப்புப் போடட்டும்.