தீப்பெட்டிக்குள் ஒரு ரோடு ரோலர்... பரணில் இருக்கும் பழைய பொம்மைக்கு பெயின்ட் அடிக்காதீங்க!

தெருவில் ஜேசிபி வந்து பள்ளம் தோண்டினால் போதும், வாண்டுகள் முதல் தாத்தாக்கள் வரை கூட்டம் கூடிவிடும். அந்த மாதிரி வண்டிகளை உள்ளங்கை அளவு உலோக பொம்மைகளாகத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இவற்றுக்கு 'டை-காஸ்ட்' பொம்மைகள் என்று பெயர். துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி வார்ப்பார்கள்.

இந்த வகையில் புகழ்பெற்ற 'மேட்ச்பாக்ஸ்' பொம்மைகளின் கதை தொடங்குவதே ஒரு ரோடு ரோலரில்தான்!

மகளுக்காக அப்பா செய்த வண்டி

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். 1947-ல் லண்டனில் லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள், தங்கள் பெயர்களை இணைத்து 'லெஸ்னி' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயரில் ஸ்மித் இருந்தாலும் இருவரும் உறவினர்கள் அல்ல. 1948-ல் வந்த அவர்களின் முதல் பொம்மை, ஏவ்லிங் பார்ஃபோர்டு ரோடு ரோலர். அடுத்து புல்டோசர், சிமென்ட் மிக்ஸர் என வரிசையாக வந்தன.

அவர்களுடன் சேர்ந்த ஜாக் ஓடெலுக்கு ஒரு மகள். அவள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைக்கு மட்டும்தான் அனுமதி. அப்பா பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுக்க, அதைப் பார்த்த மற்ற பிள்ளைகளும் ஆசைப்பட்டார்கள். அதுவே வியாபாரமானது. 1953-ல் அறிமுகமான மேட்ச்பாக்ஸ் வரிசையில் முதல் எண் ரோடு ரோலருக்கு. இரண்டாவது டம்பர், மூன்றாவது சிமென்ட் மிக்ஸர்.

புதுசாக்கினால் மதிப்பு போச்சு!

இன்று இந்த வண்டிகளைச் சேர்ப்பவர்கள் பளபளப்பைத் தேடுவதில்லை. பழைய பெயின்ட் அப்படியே இருக்கிறதா, கூடவே வந்த அட்டைப்பெட்டி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அழகாக்குவதாக நினைத்து புது பெயின்ட் அடித்தால், பொம்மையின் மதிப்பு சரிந்துவிடும்.

வாங்கும்போதும் கவனம் தேவை. பெரும்பாலான பழைய வண்டிகளின் அடிப்பகுதியை ரிவெட் அடித்து மூடியிருப்பார்கள். அங்கே துளையிட்ட தடமோ, ஸ்க்ரூவோ இருந்தால் யாரோ பிரித்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சக்கர அச்சில் பெயின்ட் தெறித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். புல்டோசர்களின் ரப்பர் பட்டை வருடங்கள் ஆக ஆக இறுகி அறுந்துபோகும். புதுப் பட்டை மாட்டியிருந்தால், விற்பவர் அதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

மருந்தில்லாத நோய்

போருக்கு முந்தைய பொம்மைகளில் சிலவற்றை 'ஜிங்க் பெஸ்ட்' என்ற பாதிப்பு தாக்கும். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் இருந்தால், உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, விரிசல்விட்டு உதிர்ந்துவிடும். இதைச் சரிசெய்ய வழியில்லை. ஈரமும் வெப்பமும் இருந்தால் பாதிப்பு வேகமாகும் என்பதால், உலர்ந்த, குளிர்ச்சியான இடத்தில் வைப்பது நல்லது.

முக்கியமான இன்னொரு விஷயம்... பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. எதைக் கண்டாலும் வாயில் வைக்கும் குழந்தைகளிடம் இவற்றைக் கொடுக்கவே கூடாது. ஷோகேஸில் இருக்கட்டும்!

அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது, பெயின்ட் உதிர்ந்த ஒரு குட்டி ரோடு ரோலர் கையில் சிக்கினால், பழைய இரும்புக்கடைக்குப் போடும் பையில் சேர்த்துவிடாதீர்கள். முதலில் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் 'லெஸ்னி' என்று இருந்தால், பெட்டியையும் தேடுங்கள்!