முழங்கால் வலிக்கு லேசர் ஒளி: அளவும் பயனும்

முதுமையில் மனிதரை வீட்டோடு முடக்கிவிடும் நோய்களுள் முழங்கால் மூட்டுத் தேய்வும் ஒன்றாகும். நம் நாட்டில் ஐந்து இடங்களில் நடத்தப்பெற்று 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஆராயப்பட்டவர்களில் 28.7 சதவிகிதத்தினரிடம் இந்நோயைக் கண்டது. உயிரைப் பறிக்காத நோயாதலின், இதனை வயதின் இயல்பெனக் கொண்டு பொறுத்துக்கொள்வோரே பலர். தரையில் அமர்ந்து உண்பது, குந்தியிருந்து களை பறிப்பது, பேருந்தின் படியில் ஏறுவது ஆகியவற்றை இவர்கள் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றனர். இத்தகையோருக்கு இன்று பல சிகிச்சை நிலையங்களில் லேசர் ஒளிச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. இதனால் உண்மையில் விளையும் பயன் யாது என்பதை ஆராய்வோம்.

முதலில், வலி எங்கே தோன்றுகிறது என்பதை அறிதல் வேண்டும். மூட்டில் தேய்வது குருத்தெலும்பு. ஆனால் அதில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. அதன் அடியிலுள்ள எலும்பு, மூட்டை மூடியுள்ள சவ்வு, சுற்றியுள்ள தசைகள் ஆகியவற்றிலிருந்தே வலி எழுகின்றது. எக்ஸ்ரே படத்தில் பெருந்தேய்வு காணும் ஒருவர் இயல்பாக நடப்பதற்கும், சிறு தேய்வே உள்ள மற்றொருவர் துன்புறுவதற்கும் இதுவும் ஒரு காரணமாகும். மூட்டில் வீக்கம் ஏற்பட்டால், தொடையின் முன்புறத் தசையை இயக்கும் நரம்புத் தூண்டுதல் தானாகவே குறைந்துவிடுகிறது. பயன்படாத தசை மெலிகிறது. அதன் சுமையையும் ஏற்கும் பின்தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் இறுகி, விரலால் அழுத்தினாலே வலிக்கும் முடிச்சுகளைப் பெறுகின்றன. வலியால் நடவாமை, நடவாமையால் தசை நலிவு, தசை நலிவால் மேலும் வலி என்று இது ஒரு சுழலாகிவிடுகிறது. இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

லேசருக்கு அடிப்படையான கோட்பாட்டை 1917இல் ஐன்ஸ்டீன் வகுத்தார். 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் மாணிக்கக்கல் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில், ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், இவ்வொளி புற்றுநோயை உண்டாக்குமா என்று அறியும் பொருட்டு, மயிர் மழித்த எலிகளின் மீது அதனைப் பாய்ச்சினார். புற்று தோன்றவில்லை, மாறாக, ஒளி பட்ட எலிகளில் மயிர் விரைந்து வளர்ந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று! குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சையின் வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது.

அறுவை லேசர் வெப்பத்தால் திசுவை வெட்டுகிறது. இச்சிகிச்சையில் பயன்படும் லேசரின் திறனோ அரை வாட்டிற்கு மேற்படுவதில்லை; தோல் சுடுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி தோலைக் கடந்து, உயிரணுக்களின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்டிரியாவிலுள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதியால் ஈர்க்கப்படுகிறது என்றும், அதனால் ஆற்றல் உற்பத்தி கூடி அழற்சி தணிகிறது என்றும் கருதப்படுகிறது. தேய்ந்த குருத்தெலும்பை இவ்வொளி மீண்டும் வளர்த்துவிடும் என்று கூறும் விளம்பரங்களை நம்புதற்கில்லை.

பயனைப் பற்றி ஆய்வுகள் ஒருமுகமாகப் பேசவில்லை. 9 சோதனைகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வொன்று, போலிக் கருவியைக் காட்டிலும் லேசர் மேலானதன்று என முடிவு செய்தது. 2019இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, 22 சோதனைகளில் பங்குகொண்ட 1,063 பேரைக் கணக்கிற் கொண்டது. வலியை 100 புள்ளி அளவுகோலில் மதிப்பிட்டபோது, சிகிச்சையின் முடிவில் போலிக் கருவியைவிட லேசர் ஏறத்தாழ 14 புள்ளிகள் அதிகமாக வலியைக் குறைத்திருந்தது. பரிந்துரைத்த அளவில் ஒளி பெற்றோரிடம் இவ்வேறுபாடு ஏறத்தாழ 19 புள்ளிகளாக உயர்ந்தது. இதிலிருந்து, அளவே இங்கு முதன்மையானது என்பது விளங்கும். மருந்தை மில்லிகிராமில் அளப்பதுபோல் ஒளியை ஜூலில் அளக்க வேண்டும். 100 மில்லிவாட் திறனுள்ள கருவியை ஓரிடத்தில் 40 வினாடி வைத்தால் 4 ஜூல் கிடைக்கும். பத்தே வினாடியில் எடுத்துவிட்டால் 1 ஜூல்தான். 785 முதல் 860 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்திற்குப் புள்ளி ஒன்றுக்கு 4 முதல் 8 ஜூலும், 904 நானோமீட்டருக்கு 1 முதல் 3 ஜூலும் பரிந்துரைக்கப்பட்ட அளவுகளாகும். இவ்வளவுகள் ஏற்பட்ட பின்னரும், பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் சான்று போதாதெனக் கூறி, மூட்டுத் தேய்வுக்கு லேசரை அளிக்க வேண்டாமென 2022இல் அறிவித்தது. அந்நிறுவனம் முதலிடம் தருவது உடற்பயிற்சிக்கும் எடைக் குறைப்புக்குமே.

ஆகவே லேசரைத் தனி மருந்தாகக் கொள்வதைவிட, பயிற்சிக்கு வழி திறக்கும் துணையாகக் கொள்வதே பொருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வலி தணிந்திருக்கும் சில வாரங்களில் நோயாளி காலை நீட்டி உயர்த்தவும், நாற்காலியிலிருந்து கையூன்றாது எழுந்து அமரவும் பழகினால் தொடைத் தசை வலுப்பெறும். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பயிற்சியின்றி ஒளியை மட்டும் பெற்றுத் திரும்புபவர் தசை நலிவை அப்படியே விட்டுச் செல்கிறார். அவர் இழப்பது சிகிச்சைக் கட்டணத்தை மட்டுமன்று. நாள்தோறும் வந்து போகும் பேருந்துக் கட்டணமும் அன்றாடக் கூலியும் அதனுடன் சேரும். இரண்டு வாரம் நாள்தோறும், அல்லது மூன்று நான்கு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வரவேண்டிய சிகிச்சையில் இது சிறிய தொகையன்று.

2010-11ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு இடமளித்துள்ளது. அங்குக் கருவி வாங்கும் அதிகாரிகள், அலைநீளமும் திறனும் குறிக்கப்பெற்றுள்ளனவா எனப் பார்ப்பதோடு, ஒளியின் திறனை அளக்கும் மீட்டரும் உடன் வருகிறதா எனக் கேட்பது நலம். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாதாகையால், நாளடைவில் கருவி வலுவிழந்தாலும் நோயாளியோ இயக்குபவரோ அதனை உணர இயலாது. கண்ணில் பட்டால் விழித்திரைக்கு ஊறு விளையுமாதலின், இருவருக்கும் உரிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் தேவை. புற்றுக்கட்டி உள்ள இடத்திலும், கருவுற்ற பெண்ணின் வயிற்றுப் பகுதியிலும் இவ்வொளியைப் பாய்ச்சலாகாது. முழங்கால் திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சலும் கண்டால், அது தேய்வு அன்றிக் கிருமித் தொற்றாகவும் இருக்கக்கூடும். அந்நிலையில் லேசர் அறைக்கு அனுப்பாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.